ராக்கெட்டுக்கு எதிராக ஒரு மேசை ஃபேன்

மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நீங்களும் அக்காவும் பிள்ளைகளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் நலம் என்று எழுதிவிட்டு அடுத்த வரிக்குப் போவதுதான் முறை. அப்படி எழுதினால் பொய்யாகிவிடும் என்பதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். உங்களுக்குத் தங்கச்சி முறையான என் மனைவிக்கு ஏழாம் மாதம் நடக்கிறது, டாக்டர் குறை ஒன்றும் சொல்லவில்லை. மாமனார் எங்களோடுதான் இருக்கிறார், பல்வலி மாதிரி வயதுக்கே உரிய தொல்லைகளைத் தவிர திடமாக இருக்கிறார். வீட்டில் சோறு இறங்காமல், தூக்கம் வராமல் கிடப்பது நான் ஒருவன்தான். எனக்கு இருப்பது நோய் இல்லை, பயம்.

சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். எங்கள் ராக்கெட் திட்டத்தை ரத்து செய்யலாமா வேண்டாமா என்று ஆராய்ந்த குழுவின் அறிக்கை உங்கள் நிதித்துறை அலுவலகத்துக்கு வருகிறது. நீங்கள் அங்கே தட்டச்சுப் பிரிவில் இருக்கிறீர்கள். பெரிய அதிகாரி படிக்காமலே கையெழுத்துப் போடுவதை எல்லாம் முழுசாகப் படிக்கிற ஒரே ஆள் நீங்கள்தான் என்று அக்கா பெருமையாகச் சொல்வாள். அந்தப் பெருமையை நம்பித்தான் எழுதுகிறேன். ரத்து என்று வந்தால் எனக்கு வேலை போகும். வேலையோடு இந்த வீடும் போகும், ஏனென்றால் இது ஒப்பந்தக்காரர் கொடுத்த வீடு. குழந்தை பிறக்கிற நேரத்தில் சாவியைக் கொடுத்துவிட்டுத் தெருவில் நிற்க வேண்டும்.

நான் என்ன வேலை பார்க்கிறேன் என்று உங்களுக்குச் சரியாகத் தெரியாது. கல்யாணப் பேச்சின்போது என் மாமனாரிடம் ‘பையன் விண்வெளித் துறையில இருக்கான்’ என்றீர்கள். பொய் இல்லை, ஆனால் நான் இருப்பது தரையில். ராக்கெட்டை நிறுத்திவைத்திருக்கும் கொட்டகையிலிருந்து ஏவுமேடைக்குக் கொண்டுபோகும் வண்டி ஒன்று இருக்கிறது. ஒரு தெருவையே பெயர்த்துச் சக்கரம் மாட்டினால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும். தவழ்கிற குழந்தை அதை முந்திவிடும். அதன் இடது பக்கப் பின்சக்கரங்களைப் பார்த்துக்கொண்டே நடப்பதும், வழியில் கல் கிடந்தால் பொறுக்கி எறிவதும், வாக்கி டாக்கியில் ‘சரி, சரி’ என்று சொல்லிக்கொண்டே போவதும் என் வேலை. எங்கள் குழுவில் யாரும் ராக்கெட் என்று சொல்வதில்லை, ‘பெரியவர்’ என்போம். பெரியவரை மேடைக்குக் கூட்டிப்போய் நிறுத்துவோம். பொறியாளர்கள் எரிபொருள் நிரப்பிப் பார்ப்பார்கள். எங்காவது ஒழுகும். எரிபொருளை இறக்குவார்கள், நாங்கள் பெரியவரை மறுபடி கொட்டகைக்குக் கூட்டிவருவோம். வால்வை மாற்றுவார்கள், மறுபடி கூட்டிப்போவோம், வேறொரு இடத்தில் ஒழுகும். உலகத்திலேயே அதிகமாகத் தரையில் பயணம் செய்த ராக்கெட் எங்களுடையதுதான் என்று எங்கள் மேஸ்திரி மீசையை நீவிக்கொள்வார்.

இதில் எங்கள் பிழைப்பு எங்கே தொங்குகிறது என்று பாருங்கள் அத்தான். பெரியவர் பறந்துவிட்டால் கூட்டிப்போக ஆள் இல்லை, வேலை போகும். ரத்தானாலும் வேலை போகும். ஒழுகிக்கொண்டே இருந்தால்தான் எங்களுக்குச் சோறு. உள்ளே மதில்சுவர் முழுக்க ‘நாட்டின் கனவு’ என்று ஆளுயர எழுத்தில் எழுதியிருக்கிறார்கள். அந்தச் சுவருக்குப் பின்னால்தான் ஒப்பந்தத் தொழிலாளர்களின் கழிப்பறை இருக்கிறது, கதவு இல்லாதது. நாட்டின் கனவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்போதுகூட, ‘கடவுளே, இது பறக்கவும் கூடாது, ரத்தாகவும் கூடாது’ என்றுதான் வேண்டிக்கொள்கிறேன். இப்படி ஒரு வேண்டுதலை எந்தக் கடவுள் காதில் வாங்குவார்?

ஆய்வுக் குழு வருகிறது என்று தெரிந்த நாளிலிருந்து எல்லோரும் சகுனம் பார்க்க ஆரம்பித்துவிட்டோம். கேன்டீனில் உடைந்த தட்டுகளுக்குப் பதில் புதுத் தட்டு வாங்கவில்லை, அது ஒரு சகுனம். நுழைவாயிலுக்குப் புது பெயின்ட் அடித்தார்கள், அது அதைவிட மோசமான சகுனம் என்றார் மேஸ்திரி. அவர் முன்பு வேலை பார்த்த இரண்டு தொழிற்சாலைகளும் பெயின்ட் காய்வதற்குள் மூடப்பட்டனவாம். போன வாரம் ஒரு உதவி இயக்குநர் தன் அறையிலிருந்த பூந்தொட்டிகளைக் காரில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோனார். நாங்கள் கொட்டகை வாசலில் நின்று பார்த்தோம். அவருக்குப் பூந்தொட்டியை எங்கே வைப்பது என்பதுதான் கவலை, ஏனென்றால் அவருக்கு வேறு துறையில் வேறு அறை தயாராக இருக்கும்.

வீட்டுக்கு வந்தால் மாமனார். செய்தித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு வாசலிலேயே காத்திருப்பார்.

“மாப்ளே, இன்னைக்கும் பெரியவருக்கு ஒழுகுதாமே. என்னைவிட வயசு கம்மிதானே அவருக்கு?”

“அது வால்வு பிரச்சனை மாமா.”

“எனக்கும் டாக்டர் அதைத்தான் சொன்னாரு. சரி, ரத்தா இல்லையா, உள்ள என்னதான் பேசிக்கிறாங்க?”

“எனக்கு எப்படி மாமா தெரியும்?”

“தெரியாதா? நாங்க உங்களை நம்பித்தானே இருக்கோம்.” நம்பி என்று அவர் சொன்னது பந்தயத்தைப் பற்றி என்று எனக்கு அப்போது தெரியாது.

எங்கள் தெருமுனையில் ஒரு சலூன் இருக்கிறது. அதை நடத்துகிறவரை ‘வானொலி’ என்பார்கள், கத்தரி நின்றாலும் வாய் நிற்காது. பெரியவர் ரத்தாவாரா மாட்டாரா என்று அவர் ஒரு பந்தயம் ஆரம்பித்திருந்தார். பணம் வைத்தால் போலீஸ் வரும் என்று பொருள் வைக்கச் சொன்னார். “பணம் வச்சாத்தானே சூதாட்டம்? பொருள் வச்சா அது நம்பிக்கை” என்றார். பின்னறையில் இடது பக்கம் ‘ரத்து’, வலது பக்கம் ‘ரத்தில்லை’. ஜெயிக்கிற பக்கம் தோற்கிற பக்கத்துப் பொருளைப் பங்கு போட்டுக்கொள்ளலாம். மேஸ்திரிதான் எங்களை அங்கே அழைத்துப் போனார். “டேய், நல்லா யோசிங்க. ரத்தானா வேலை போகும், ஆனா பொருள் கிடைக்கும். ரத்தாகலைன்னா பொருள் போகும், ஆனா வேலை நிக்கும். ரத்து பக்கம் வச்சா எப்படிப் பாத்தாலும் ஒண்ணு மிஞ்சும்டா.” பயந்துகிடக்கிறவனுக்கு இது எவ்வளவு பெரிய ஞானமாகத் தெரியும் என்று உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேஸ்திரி பிரஷர் குக்கரை வைத்தார். கிரேன் ஓட்டுகிறவர் சைக்கிளை வைத்தார். மாமனாரின் சாய்வு நாற்காலி ஏற்கெனவே அங்கே இருந்தது, இடது பக்கத்தில். மருமகன் வேலை போகும் என்று மாமனார் பந்தயம் கட்டியிருக்கிறார்! எனக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தக் கோபத்தோடு வீட்டுக்குப் போய், நானும் ஒரு பொருளைத் தூக்கிக்கொண்டு வந்து அதே பக்கம் வைத்தேன்.

என்ன பொருள் என்று கேட்காதீர்கள் அத்தான். சரி, தலைப்பிலேயே எழுதிவிட்டேன், மறைத்து என்ன பயன்? கல்யாணத்துக்கு நீங்கள் வாங்கிக்கொடுத்த மேசை ஃபேன்தான்.

ஆனால் எங்கள் கணக்கில் ஒரு ஓட்டை இருந்தது. எங்கள் குழுவில் உள்ள அத்தனை பேரும் ரத்து பக்கமே வைத்துவிட்டோம். வலது பக்கம் வெறும் தரை. வானொலிக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. “எல்லாரும் ஒரே பக்கம் வச்சா யாருகிட்டய்யா ஜெயிப்பீங்க? உங்க குக்கரை நீங்களே ஜெயிச்சுத் தூக்கிட்டுப் போக நான் எதுக்கு அதுக்குத் தூசி தட்டிட்டு உக்காந்திருக்கேன்? ரத்தாகாதுன்னு சொல்ல ஒரு ஆம்பளகூடவா இந்த ஊர்ல இல்ல?”

ஆம்பளை இல்லைதான். சில நாள் கழித்து முடிவெட்டப் போனபோது வலது பக்கத்தில் ஒரு பொருள் இருந்தது. தையல் மெஷின். “யாரோடதுன்னு சொல்ல மாட்டேன், வாக்குக் குடுத்துட்டேன்” என்றார் வானொலி. அவர் சொல்லத் தேவையில்லை. அதன் மேல் மூடியிருந்த துணி எங்கள் வீட்டு ஜன்னல் திரை. மெஷினை ரிப்பேருக்குக் கொடுத்திருப்பதாக உங்கள் தங்கச்சி என்னிடம் சொல்லியிருந்தாள். பள்ளிச் சீருடை தைத்து அவள் கொண்டுவருவதில்தான் எங்கள் மாதக் கடைசி ஓடுகிறது. பாதி வெட்டிய தலையோடு வீட்டுக்கு ஓடினேன்.

“என்ன காரியம் பண்ணி வச்சிருக்கே நீ?”

“நீங்க பண்ணின அதே காரியம்தான். பக்கம்தான் வேற.”

“ரத்தாகாதுன்னு உனக்கு யார் சொன்னா?”

“யாரு சொல்லணும்? நம்ம தெருவுல ஒரு பள்ளம் தோண்டினாங்களே, வேலைய முடிச்சாங்களா? இல்ல. பள்ளத்த மூடினாங்களா? அதுவும் இல்ல. பள்ளத்துக்கு ஒரு வாட்ச்மேனப் போட்டு வச்சிருக்காங்க. ஒரு பள்ளத்தையே மூட மனசு வராதவங்க ராக்கெட்டையா மூடிருவாங்க? பறக்கவும் விட மாட்டாங்க, படுக்கவும் விட மாட்டாங்க. போங்க, போய் மிச்சத் தலைய வெட்டிட்டு வாங்க.”

அவள் சொன்னதைக் கேட்டு எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஆனால் ஒரு வாரம்கூட அது நிலைக்கவில்லை, அதற்குள் ஆய்வுக் குழு வந்துவிட்டது. மூன்று பேர். எங்களை எல்லாம் குளித்து, சுத்தமான உடுப்பில் வரச்சொல்லி, அவர்கள் கண்ணில் படாத இடத்தில் நிற்கச் சொன்னார்கள். கண்ணில் படாமல் நிற்பதற்கு எதற்குக் குளிக்க வேண்டும் என்று கேட்டேன், மேஸ்திரி முறைத்தார். எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. பெரியவர்கூட அன்று ஒழுகவில்லை, ஏனென்றால் அன்று எதையும் நிரப்பவில்லை. வினை வேறு பக்கமிருந்து வந்தது. ஆய்வுக் குழுவில் ஒல்லியாக ஒருவர் இருந்தார். விருந்தினர் விடுதியில் வெந்நீர் வரவில்லையாம். மறுநாள் காலை முகச்சவரத்துக்கு அவர் நடந்து போய் உட்கார்ந்த இடம் எங்கள் தெருமுனை சலூன். அதை வானொலி வாயாலேயே கேட்டேன்.

“யாரோ வெளியூர்க்காரர்னு நினைச்சேம்பா. ‘பின்னாடி என்ன இத்தனை சாமான், ரிப்பேர் கடையா?’ன்னாரு. நான் பெருமையா எல்லாத்தையும் சொன்னேன்.”

“எல்லாத்தையும்னா?”

“எல்லாத்தையும்னா எல்லாத்தையும்தான். ‘இதெல்லாம் வெளியாளுங்க வச்சதா?’ன்னாரு. ‘சேச்சே, அத்தனையும் உள்ள வேலை பாக்கறவங்களோடது, ராக்கெட்டத் தொட்டு வேலை பாக்கறவங்க, விஷயம் தெரியாமலா வைப்பாங்க?’ன்னேன்.”

“அடப்பாவி! அவரு என்ன சொன்னாரு?”

“ஒண்ணும் சொல்லல. ஒரு கன்னத்துல சோப்பு நுரையோட எந்திரிச்சுப் போய் ஒவ்வொரு சாமானா உத்து உத்துப் பாத்தாரு. உன் ஃபேனைப் போட்டும் பாத்தாரு. நல்லா ஓடுதுன்னாரு.”

அன்று பகல் கூட்ட அறைக்கு நாற்காலி தூக்கிப்போன மேஸ்திரி கதவருகே நின்று கேட்டிருக்கிறார். ஒல்லியானவர் இயக்குநரைப் பார்த்து, ‘உங்கள் ஆட்களே இந்தத் திட்டத்தை நம்பவில்லையே?’ என்றாராம். இயக்குநர், ‘அவர்கள் ஒப்பந்தக் கூலிகள், அவர்களுக்கு என்ன தெரியும்?’ என்றாராம். அதற்கு ஒல்லியானவர், ‘தினமும் பக்கத்தில் நடக்கிறவர்களுக்குத் தெரியாததா? வீட்டுச் சாமானையே வைத்திருக்கிறார்கள், இதைவிட நேர்மையான கணிப்பு ஏது?’ என்று சொல்லி எழுதிக்கொண்டாராம். அத்தான், இத்தனை வருடத்தில் எங்கள் கருத்தை ஒரு பெரிய மனிதர் மதித்தது இதுதான் முதல் தடவை. அதுவும் நாங்கள் சொல்லாத கருத்தை! கழிப்பறைக்குக் கதவு கேட்டு மூன்று முறை எழுதிக் கொடுத்தோம், அதை எவனும் படிக்கவில்லை. ஒரு பழைய குக்கரும் ஓட்டை சைக்கிளும் பேசியது மட்டும் நேராக அரசாங்கத்தின் காதுக்குப் போய்விட்டது.

அன்றிலிருந்துதான் எனக்குத் தூக்கம் போனது. ரத்தாகிவிடுமோ என்ற பயத்தில் வைத்த ஃபேனாலேயே ரத்தானால் நான் யாரிடம் போய்ச் சொல்வேன்? கண்ணை மூடினால் அந்த ஒல்லியானவர் அரை முகத்து நுரையோடு என் ஃபேனைப் போட்டுப் பார்க்கிறார். தயவுசெய்து, அறிக்கை உங்கள் கைக்கு வந்தால் உங்கள் அதிகாரியிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: அது கணிப்பு இல்லை, பயம். வீடு எரியப்போகிறது என்று தெரிந்தா ஒருவன் வீட்டைக் காப்பீடு செய்கிறான்? எங்களுக்கு ஒன்றும் தெரியாது, எங்களுக்குத் தெரிவிக்கிற வழக்கம் அங்கே இல்லை. சொல்ல முடியாவிட்டால், சலூன் பற்றிய பத்தியைத் தட்டச்சு செய்யும்போது அது மட்டும் எப்படியாவது விடுபட்டுப் போகுமா என்று பாருங்கள். பெரிய அதிகாரி படிக்கப்போவதில்லை என்று அக்கா உறுதியாகச் சொன்னாள். என் பெயர் எங்கும் வரக்கூடாது. அதனால்தான் உறையில் அனுப்புநர் இடத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். படித்ததும் கிழித்துவிடுங்கள்.

அக்காவுக்கு என் அன்பு. பிள்ளைகள் நன்றாகப் படித்து, எந்த ஒப்பந்தக்காரரிடமும் கைகட்டி நிற்காத வேலைக்குப் போகட்டும் என்று மாமன் வாழ்த்தியதாகச் சொல்லுங்கள். உங்கள் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், இப்போது என் நம்பிக்கை முழுவதும் அதில்தான் இருக்கிறது.

என்றும் பணிவுள்ள,
உங்கள் மைத்துனன்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் எல்லாம் தலைகீழாகிவிட்டது. அறிக்கை உங்களிடம் வரும் முன்பே மேலே முடிவெடுத்துவிட்டார்கள் போலிருக்கிறது. இன்று காலை அறிவிப்புப் பலகையில் ஆணை ஒட்டியிருந்தது. கூட்டத்தில் தெரியவில்லை என்று மேஸ்திரியைத் தோளில் தூக்கிப் படிக்கச் சொன்னோம். “திட்டம் ரத்தில்லை, தொடரும்!” என்றார். கட்டிப்பிடித்துக் கத்தினோம், கிரேன்காரர் அழுதுவிட்டார். மேஸ்திரி தோளில் இருந்தபடியே அடுத்த வரியையும் படித்தார். ஒழுகல் தீரும்வரை ராக்கெட் கொட்டகையை விட்டு வெளியே வராது, ஆகவே செலவைக் குறைப்பதற்காக அதைக் கொண்டுபோகும் குழுவின் ஒப்பந்தம் இந்த மாதத்தோடு முடிகிறது. வீடுகளையும் காலி செய்ய வேண்டும். அவரைக் கீழே இறக்கக்கூட மறந்து அப்படியே நின்றோம்.

மத்தியானம் வானொலி ஒரு தள்ளுவண்டியில் குக்கர், சைக்கிள், நாற்காலி, ஃபேன் என்று அத்தனையையும் கொண்டுவந்து எங்கள் வாசலில் இறக்கினார். ஜெயித்தது உங்கள் தங்கச்சி ஒருத்திதான். வண்டிக்குப் பின்னாலேயே எங்கள் குழுவும் வந்தது. “எங்களைப் பொறுத்தவரைக்கும் இது ரத்துதானேம்மா?” என்று மேஸ்திரி இழுத்தார். அவள் இடுப்பில் கைவைத்துக்கொண்டு நின்றாள்.

“வேலை போயிரும்னு பயந்து வீட்டுல இருக்கறதத் தூக்கிட்டுப் போய் சலூன்ல வச்சீங்க. அண்ணே, அந்தக் கேட் முன்னாடி போய் ஒருத்தராவது நின்னீங்களா? குக்கர் வேணுமா? நாளைக்குக் காலைல வண்டியோட கேட்டுக்கு வர்றேன். அங்க வந்து நிக்கறவங்களுக்கு அவங்கவங்க சாமான அங்கயே தர்றேன். வேலை திரும்பக் கிடைக்கற வரைக்கும் அங்கதான் சமையல். வராதவங்க குக்கர் என் குக்கர்.”

“நான் உன்னைப் பெத்த அப்பன்” என்றார் மாமனார். “நாற்காலி கேட்ல இருக்கும்பா, வந்து உக்காருங்க” என்றாள். அது அத்தான் வாங்கித் தந்த ஃபேன் என்று நானும் சொல்லிப் பார்த்தேன். “அப்ப அத்தானை வந்து நின்னு வாங்கிக்கச் சொல்லுங்க” என்கிறாள்.

ஆகவே அதிகாரியிடம் எதையும் பக்குவமாகச் சொல்ல வேண்டாம், எந்தப் பத்தியையும் விட வேண்டாம். கடிதத்தைக் கிழிக்காமல் அவர் மேசையில் வைத்துவிடுங்கள். உறையில் அனுப்புநர் பெயரை இப்போதுதான் எழுதினேன், முகவரிக்குக் ‘கேட் எதிரில்’ என்று போட்டிருக்கிறேன். நாளைக்கு எத்தனை பேர் வருவார்கள் என்று சலூனில் புதுப் பந்தயம் ஆரம்பித்துவிட்டதாம். ‘ஒருத்தனும் வர மாட்டான்’ பக்கம் மேஸ்திரி வைத்திருக்கிறாராம். வைக்கப் பொருள் எதுவும் மிச்சமில்லாததால் மீசையை வைத்திருக்கிறார். நான் எந்தப் பக்கமும் வைக்கவில்லை. ஒரு சட்டையைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறேன்.

“பயமா இருக்கா?” என்று இப்போது கேட்டாள்.

“இருக்கு” என்றேன்.

“எனக்கும்தான். அந்தத் தள்ளுவண்டிச் சக்கரத்துக்குக் கொஞ்சம் எண்ணெய் விட்டு வைங்க, கிறீச் கிறீச்னு சத்தம் போடுது.”